முத்துக்குளித்துறை ஆவணப் படங்கள்: கோப்பு ஒழுங்கும் படத்திருத்த மென்பொருளின் விருப்பமைவுகளும்

ஆய்வுச் சுருக்கம்

தூத்துக்குடித் துறைமுகத்தையும் அதனைச் சூழ்ந்த முத்துக்குளித்துறை ஊர்களையும் பற்றிய ஏடுகள், பதிவேடுகள், கல்லெழுத்துகள், நிழற்படங்கள் ஆகியன இன்று பெரும்பாலும் மின்படங்களாகவே ஆய்வாளரை வந்தடைகின்றன. அவற்றைக் கையாளத் தொடங்குவோர் படத்திருத்த மென்பொருளின் கருவிகளை விரைவில் கற்றுக்கொள்கின்றனர். ஆயினும் கோப்புகளை வகுத்து வைப்பதிலும் மென்பொருளின் விருப்பமைவுகளைப் பணிக்கேற்பச் சீர்செய்வதிலும் உரிய கவனம் செலுத்துவதில்லை. இதனால் மூலப்படம் மேலெழுதப்பட்டு அழிவதும், தாளின் நிறம் மாறுவதும், எழுத்தின் புள்ளி மறைவதும், படம் எந்த ஊருக்குரியது என்னும் தடயம் கெடுவதும் நேர்கின்றன. முத்துக்குளித்துறை ஆவணங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு, கோப்பு ஒழுங்கின் அடிப்படைகளையும் கிம்ப், ஃபோட்டோஷாப் ஆகிய இரு மென்பொருள்களில் தொடக்கத்திலேயே செய்யவேண்டிய அமைவுகளையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச்சொற்கள்: முத்துக்குளித்துறை, தூத்துக்குடி, மின்படம், கோப்புப் பெயரிடல், ஒருங்குறி, விருப்பமைவு, கிம்ப், ஃபோட்டோஷாப், மீதரவு.

முன்னுரை

மன்னார் வளைகுடாவின் மேற்குக் கரையில் வேம்பாறு முதல் மணப்பாடு வரை அமைந்த ஊர்கள் முத்துக்குளித்துறை என்னும் பெயரால் அறியப்படுகின்றன. கொற்கை, பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம், தூத்துக்குடி எனத் துறைமுகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செழித்த கரை இது. தமிழ் அச்சின் தொடக்ககால நூல்களை உருவாக்கிய என்றிக்கே என்றிக்கசு அடிகளார் நெடுங்காலம் பணியாற்றியதும் இங்கேதான். வ. உ. சிதம்பரனார் 1906ஆம் ஆண்டில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியதும் தூத்துக்குடியிலேயே ஆகும்.

இக்கரையின் சான்றுகள் பல, மீண்டும் ஒருமுறை படமெடுக்க இயலாதவை. தூத்துக்குடிக் கடலில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டுடன் நின்றுபோயிற்று. எனவே அக்காட்சியைக் காட்டும் ஒவ்வொரு நிழற்படமும் மாற்றில்லாத சான்றாகும். உப்புக்காற்றில் உதிரும் கல்லெழுத்து ஆண்டுதோறும் சிறிது சிறிதாகத் தேய்கின்றது. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. வீட்டின் தரைத்தளத்துப் பெட்டியில் வைக்கப்பட்ட தாள்கள் அத்தகைய வெள்ளத்திற்குத் தப்புவது அரிது. பொருள் அழிந்த பின்னர் அதன் படமே மூலமாகிவிடுகின்றது. ஆகவே, படத்தைக் காக்கும் முறை ஆய்வு முறையின் ஒரு பகுதியாகவே கருதத்தக்கது.

1. மூவகைக் கோப்புகள்

தொடக்கநிலையாளர் முதலில் உணரவேண்டுவது, ஓர் ஆவணத்திற்கு ஒரே படக்கோப்பு போதாது என்பதாகும். ஒவ்வோர் ஆவணத்திற்கும் மூவகைக் கோப்புகள் தேவைப்படுகின்றன.

முதலாவது மூலக்கோப்பு. வருடியிலிருந்தோ ஒளிப்படக் கருவியிலிருந்தோ வந்தவாறே, எத்திருத்தமும் செய்யாமல் வைக்கப்படுவது இது. வருடியில் எடுப்பதாயின் இழப்பில்லாத டிஃப் வடிவம் பொருந்தும். ஒளிப்படக் கருவியில் எடுப்பதாயின் அக்கருவி தரும் ரா வடிவக் கோப்பையே மூலமாகக் கொள்ளலாம். கைப்பேசி ஜேபெக் வடிவில் மட்டுமே தருமாயின் அந்த ஜேபெக் கோப்பே மூலமாகும். அதனை டிஃப் ஆக மாற்றுவதால், படமெடுக்கும்போதே இழந்த நுணுக்கம் திரும்பி வராது.

இரண்டாவது பணிக்கோப்பு. திருத்தங்கள் யாவும் இதில்தான் செய்யப்படவேண்டும். ஃபோட்டோஷாப்பில் பிஎஸ்டி வடிவமும் கிம்ப்பில் எக்ஸ்சிஎஃப் வடிவமும் அடுக்குகளைத் தனித்தனியே காப்பதால், எத்திருத்தத்தையும் பின்னர் விலக்கிப் பார்க்க இயல்கின்றது.

மூன்றாவது பயன்கோப்பு. கட்டுரையில் இடுதல், திரையில் காட்டல், மின்னஞ்சலில் அனுப்புதல் ஆகியவற்றிற்காகச் சுருக்கி உருவாக்கப்படும் ஜேபெக் அல்லது பிஎன்ஜி கோப்பு இவ்வகையினது. இது தொலைந்தாலும் பணிக்கோப்பிலிருந்து மீண்டும் பெறலாம்.

இப்பாகுபாட்டின் தேவையை ஜேபெக் வடிவத்தின் இயல்பு தெளிவாக்கும். ஜேபெக் முறை படத்தை எட்டுக்கு எட்டுப் படப்புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுணுக்கங்களைக் கழித்துச் சுருக்குகின்றது. கோப்பைத் திறந்து பார்த்து மூடுவதால் இழப்பு நேர்வதில்லை. திருத்தி மீண்டும் சேமிக்கும்போதோ கழித்தல் மறுபடியும் நிகழ்கின்றது. மெல்லிய மைக்கோடும் தாளின் நாரும் சந்திக்கும் இடங்களிலேயே இவ்விழப்பு முதலில் தெரியும். பழைய கையெழுத்தைப் படிப்போர்க்கு வேண்டிய நுணுக்கமும் அவ்விடங்களிலேயே உள்ளது.

கோப்பின் அளவையும் முன்கூட்டியே கணக்கிடவேண்டும். ஏ4 அளவுத் தாளை அங்குலத்திற்கு 400 புள்ளிகள் என்னும் செறிவில், முழுவண்ணத்தில் வருடினால் ஏறத்தாழ 3,307 அகலமும் 4,677 உயரமும் கொண்ட படம் கிடைக்கும். ஒரு படப்புள்ளிக்கு மூன்று பைட் எனக் கொண்டால், சுருக்கப்படாத கோப்பின் அளவு ஏறத்தாழ 46 மெகாபைட் ஆகும். செறிவை 600 ஆக உயர்த்தினால் அது 104 மெகாபைட்டைத் தொடும். 200 பக்கங்கள் கொண்ட ஒரு பதிவேடு 400 புள்ளிச் செறிவில் 9 கிகாபைட்டுக்கும் மிகும். பணிக்கோப்புகளையும் படிகளையும் சேர்த்து எண்ணாமல் பணியைத் தொடங்கினால், இடம் போதாத நிலையில் எதை அழிப்பது என்னும் கேள்வி எழும். அவ்வேளையில் அளவில் பெரிதாகத் தோன்றும் மூலக்கோப்புகளே பெரும்பாலும் அழிவுக்கு உள்ளாகின்றன.

2. சல்லடை தரும் வகைப்பாட்டு நெறி

மன்னார் வளைகுடா முத்து வணிகத்தில் முத்துகளைத் தரம்பிரித்த முறை, கோப்புறை அமைப்பிற்குப் பொருத்தமானதொரு நெறியைத் தருகின்றது. முத்துகள் முதலில் துளையிட்ட பித்தளைச் சல்லடைகளில் இடப்பட்டன. பெருந்துளை கொண்ட 20ஆம் எண் முதல் நுண்துளை கொண்ட 1000ஆம் எண் வரை, துளைகளின் எண்ணிக்கையே சல்லடைகளுக்குப் பெயராயிற்று. உருட்சி, ஒளி, நிறம் ஆகியவற்றை நோக்கும் மதிப்பீடு அதற்கு அடுத்த நிலையிலேயே நிகழ்ந்தது. அளவைச் சல்லடையே முடிவு செய்யும். அதில் கருத்து வேறுபாட்டிற்கு இடமில்லை. தரத்தை வல்லுநரின் கண் முடிவு செய்யும். அதில் இருவர் மாறுபடக்கூடும்.

கோப்புறைகளுக்கும் இதே வரிசை ஏற்றது. யார் நோக்கினும் மாறாத பண்புகளே கோப்புறைகளின் அடிப்படையாக அமையவேண்டும். ஆவணம் கிடைத்த ஊர், ஆவணத்தின் புறவடிவம், வரிசை எண் ஆகியன அத்தகையவை. ஆவணத்தின் காலம், ஆசிரியர், பொருண்மை, சிறப்பு ஆகியன ஆய்வால் மாறக்கூடியவை. இவற்றைக் கோப்புறைப் பெயராக்கினால், ஒரு கருத்து மாறும்போதெல்லாம் கோப்புகளை இடம்பெயர்க்க நேரும். ‘டச்சுக்காலக் கற்கள்’ என்னும் கோப்புறையில் இட்ட ஒரு கல்லெழுத்து பிற்காலத்தது எனப் பின்னர்த் தெரியவந்தால், கட்டுரைகளில் ஏற்கெனவே குறிக்கப்பட்ட கோப்பு முகவரி பொய்யாகிவிடும். ஆகவே மாறக்கூடிய செய்திகளை மீதரவிலும் அட்டவணையிலும் பதிவதே முறை.

இந்நெறிப்படி முதல்நிலைக் கோப்புறை ஊராகவும், இரண்டாம் நிலை ஏடு, பதிவேடு, கல், நிழற்படம், வரைபடம் என்னும் புறவடிவாகவும், மூன்றாம் நிலை தனி ஆவணமாகவும் அமையலாம். தனி ஆவணத்தின் கோப்புறைக்குள் மூலம், பணி, பயன் என மூன்று உட்கோப்புறைகள் இருத்தல் வேண்டும். மூலக் கோப்புறையைப் படிக்க மட்டும் இசையும் நிலையில் பூட்டிவிடுவது நன்று. இயங்குதளத்தின் கோப்புப் பண்புகளில் ‘ரீட்-ஒன்லி’ என்னும் குறியை இட்டால், கவனக்குறைவால் நேரும் மேலெழுதல் பெரும்பாலும் தடுக்கப்படும்.

3. கோப்புப் பெயரிடல்

ஒளிப்படக் கருவி தானே இடும் பெயர்கள் எண்களால் ஆனவை. கருவி மாறினாலோ எண்ணிக்கை மீண்டும் தொடக்கத்திலிருந்து வந்தாலோ அதே பெயர் இருமுறை தோன்றும். ஆதலின் பெயரை மாற்றுவது இன்றியமையாதது. பெயரிடுகையில் முத்துக்குளித்துறை ஆவணங்களுக்குரிய நான்கு சிக்கல்களைக் கருத்திற்கொள்ளவேண்டும்.

முதற்சிக்கல் ஊர்ப்பெயர். ‘காயல்’ என்று மட்டும் பெயரிட்டால் அது பழையகாயலா, காயல்பட்டினமா, புன்னைக்காயலா என்பது தெரியாது. மார்க்கோ போலோ குறிப்பிடும் காயல், பழையகாயல் என அறிஞர்களால் அடையாளம் காணப்படுகின்றது. என்றிக்கசு அடிகளார் வாழ்ந்தது புன்னைக்காயல். அரபுத்தமிழ் மரபு செழித்தது காயல்பட்டினம். மூன்று ஊர்களும் தாமிரபரணியின் கழிமுகத்தை ஒட்டியே உள்ளன. இவற்றின் ஆவணங்கள் ஒரே கோப்புறையில் கலந்தால், மூன்று வரலாறுகளும் கலந்துவிடும். எனவே ஒவ்வோர் ஊருக்கும் ஒரே குறுங்குறியை வகுத்து, அதன் பட்டியலைத் தனித்தாளில் எழுதிவைக்கவேண்டும். தூத்துக்குடிக்குத் ‘தூத்’, பழையகாயலுக்குப் ‘பழை’, காயல்பட்டினத்திற்குப் ‘பட்டி’, புன்னைக்காயலுக்குப் ‘புன்’, மணப்பாட்டிற்கு ‘மணப்’ என்பன போல அக்குறிகள் அமையலாம்.

இரண்டாவது சிக்கல் ஒருங்குறியில் உள்ளது. ‘கொற்கை’ என்னும் சொல்லின் முதல் எழுத்தைக் கணினி இருவகையில் சேமிக்க இயலும். ககரத்துடன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒருவகை. ககரத்துடன் எகரக் கொம்பையும் காலையும் இரு குறியீடுகளாகச் சேர்ப்பது மற்றொரு வகை. முதல் வகையில் அச்சொல் ஆறு குறியீடுகளால் ஆனது. இரண்டாம் வகையில் ஏழு. திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஆப்பிள் மேக் கணினிகளின் எச்எஃப்எஸ் பிளஸ் என்னும் பழைய கோப்பு முறை, பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்தது. ஆகவே அங்கிருந்து பிற கணினிக்கு வந்த ‘கொற்கை’க் கோப்பு, தேடலில் அகப்படாமல் போகக்கூடும். ஒரே கோப்புறையில் ‘கொற்கை’ என்று இரு கோப்புகள் இருப்பதுபோன்ற மயக்கமும் தோன்றலாம். ஒ, ஓ, ஔ ஆகிய மூவுயிரின் மெய்யேறிய குறிகளுக்கெல்லாம் இது பொருந்தும். கோப்புப் பெயருக்கான குறுங்குறிகளில் இம்மூன்றையும் தவிர்ப்பதே எளிய தீர்வு. கொற்கைக்குக் ‘கற்க’ என்று குறியிட்டால் இச்சிக்கல் எழாது.

பெயரின் நீளமும் இதனோடு தொடர்புடையது. பரவலாகப் பயன்படும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் இடத்தைப் பெறுகின்றது. ‘தூத்துக்குடி’ என்னும் சொல் 12 குறியீடுகளால் ஆனதால் அதற்கு 36 பைட் வேண்டும். லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு கோப்புப் பெயரின் உச்ச அளவு பொதுவாக 255 பைட் ஆதலால், 85 தமிழ்க் குறியீடுகளுக்கு மேல் அதில் இடம்பெறா. பெயரையே விளக்கக் குறிப்பாக எழுதும் வழக்கத்தைக் கைவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது சிக்கல் காலம். படமெடுத்த நாளும் ஆவணம் எழுதப்பட்ட நாளும் வேறு வேறு. இப்பகுதி ஆவணங்களில் கொல்லம் ஆண்டு பயின்று வருகின்றது. அதனோடு 824 அல்லது 825ஐக் கூட்டினால் கிறித்துவ ஆண்டு கிடைக்கும். எதைக் கூட்டுவது என்பது மாதத்தைப் பொறுத்தது. இம்மாற்றம் ஆய்வாளரின் கணிப்பாதலால் அது கோப்புப் பெயரில் இடம்பெறலாகாது. மூல ஆண்டையும் கணித்த ஆண்டையும் அட்டவணையில் தனித்தனிப் பத்திகளில் எழுதவேண்டும். படமெடுத்த நாளைப் பெயரில் சேர்க்க விரும்பினால் ஆண்டு, மாதம், நாள் என்னும் வரிசையில், 2023-07-05 என்பதுபோல் எழுதவேண்டும். நாளை முதலில் எழுதினால் கணினி கால வரிசையில் கோப்புகளை அடுக்காது.

நான்காவது சிக்கல் பக்க வரிசை. அரபுத்தமிழ் ஏடுகள் வலமிருந்து இடமாக எழுதப்பட்டவை. அவற்றின் முதற்பக்கம் தமிழ் நூலின் இறுதிப்பக்கம் இருக்கும் பக்கத்தில் அமையும். பழக்கத்தால் இடப்புற அட்டையிலிருந்து எண்ணிடத் தொடங்கினால் நூல் முழுதும் தலைகீழ் வரிசையாகிவிடும். வாசிப்பு எங்குத் தொடங்குகின்றதோ அப்பக்கமே 001 ஆகவேண்டும்.

இவற்றைத் தொகுத்தால், ‘மணப்-கல்-0014-03-மூ’ என்பது போன்ற பெயர் உருவாகும். மணப்பாடு, கல்லெழுத்து, பதினான்காம் ஆவணம், மூன்றாம் படம், மூலக்கோப்பு என்பது அதன் பொருள். இடைவெளிக்கு மாறாகச் சிறுகோடு இடுவதும், எண்ணின் முன் சுழியங்களைச் சேர்த்து எண்ணின் அகலத்தை ஒன்றாக வைப்பதும் வரிசை கெடாமல் காக்கும்.

4. மென்பொருளின் விருப்பமைவுகள்

விருப்பமைவு என்பது மென்பொருள் எவ்வாறு இயங்கவேண்டும் எனப் பயனர் முன்கூட்டியே இடும் ஆணைத்தொகுப்பு. விண்டோஸ் கணினியில் கிம்ப், ஃபோட்டோஷாப் ஆகிய இரண்டிலும் ‘எடிட்’ பட்டியின் கீழ் ‘பிரிஃபரன்சஸ்’ என்னும் பெயரில் இதனைக் காணலாம். கல்லூரிக் கணினிக்கூடங்களில் ஒரே கணினியைப் பலர் பயன்படுத்துவதால், முந்தையவர் மாற்றிவைத்த அமைவுகளே அடுத்தவருக்கு வந்துசேரும். ஆதலின் பணிக்கு முன் அமைவுகளைச் சரிபார்ப்பது, அளவுகோலின் தொடக்கத்தைச் சரிபார்ப்பது போன்றதாகும். கிம்ப்பில் அதே சாளரத்தில் உள்ள ‘ரீசெட்’ பொத்தான் வழியாகத் தொடக்க நிலைக்குத் திரும்பலாம். ஃபோட்டோஷாப்பைத் திறக்கும்போது கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் விசைகளை ஒருங்கே அழுத்திப்பிடித்தால் பழைய அமைவுகளை நீக்குவதற்கான வினா தோன்றும்.

4.1 சேமிப்பு

கிம்ப்பில் ‘சேவ்’ என்னும் ஆணை எக்ஸ்சிஎஃப் பணிக்கோப்பை மட்டுமே உருவாக்கும். ஜேபெக், டிஃப் முதலியவற்றைப் பெற ‘எக்ஸ்போர்ட் ஆஸ்’ என்னும் ஆணையை நாடவேண்டும். 2012இல் வெளிவந்த 2.8 பதிப்பிலிருந்து நடைமுறையில் உள்ள இப்பிரிப்பு தொடக்கநிலையாளருக்குத் தொல்லையாகத் தோன்றினும், மூலத்தைக் காப்பதற்கு உதவுவது. அதே பட்டியில் உள்ள ‘ஓவர்ரைட்’ என்னும் ஆணையோ திறந்த கோப்பின் மீதே எழுதிவிடும். ஆவணப் பணியில் அதனைத் தொடாதிருப்பதே நலம்.

ஃபோட்டோஷாப்பில் ‘ஃபைல் ஹேண்ட்லிங்’ பக்கத்தில் ‘சேவ் ஆஸ் டு ஒரிஜினல் ஃபோல்டர்’ என்னும் குறி இருப்பின், திருத்திய கோப்பு மூலக் கோப்புறையிலேயே சேமிக்க முன்வைக்கப்படும். அக்குறியை நீக்கிவிடவேண்டும். அதே பக்கத்தில் உள்ள தானியங்கு மீட்புச் சேமிப்பை இயங்கு நிலையில் வைத்து, இடைவெளியைக் குறைப்பது நன்று. மின்தடை நேரும் இடங்களில் இது இழப்பைச் சில நிமிடங்களுக்குள் அடக்கும்.

4.2 நிறம்

படத்தில் உள்ள எண்கள் எந்த நிறத்தைக் குறிக்கின்றன என்பதை நிற விவரக்கோப்பு தெரிவிக்கின்றது. 1996இல் முன்மொழியப்பட்ட எஸ்ஆர்ஜிபி, திரைகளுக்குப் பொதுவான நிறவெளி. அடோபி ஆர்ஜிபி அதனினும் அகன்றது. அகன்ற நிறவெளியில் எடுத்த படத்தின் விவரக்கோப்பைப் புறக்கணித்து எஸ்ஆர்ஜிபி எனக் கொண்டால், நிறங்கள் மங்கித் தோன்றும். முத்தின் இளஞ்சிவப்பு ஒளியோ சிப்பியின் உட்புற நிறமோ ஆய்வுப்பொருளாகும்போது இப்பிழை பொறுக்கத்தக்கதன்று.

கிம்ப்பின் ‘இமேஜ் இம்போர்ட் அண்ட் எக்ஸ்போர்ட்’ பக்கத்தில், படத்துடன் வந்த விவரக்கோப்பை அப்படியே வைத்திருக்கும் கொள்கையைத் தேர்ந்தெடுக்கவேண்டும். ஏற்றுமதியின்போது நிற விவரக்கோப்பையும் எக்ஸிஃப் தரவையும் உடன்சேர்க்கும் குறிகள் இடப்பட்டுள்ளனவா எனவும் நோக்கவேண்டும். ஃபோட்டோஷாப்பில் இவ்வமைவு ‘கலர் செட்டிங்ஸ்’ என்னும் தனிச்சாளரத்தில் உள்ளது. அங்கு ‘பிரிசர்வ் எம்பெடட் புரொஃபைல்ஸ்’ என்பதைத் தெரிவு செய்து, பொருந்தாமை நேரும்போது வினவும் குறியையும் இடவேண்டும். படமெடுக்கையில் சட்டகத்தின் ஓரத்தில் நிற அட்டையும் அளவுகோலும் வைக்கப்பட்டிருந்தால், அமைவுகள் சரியாக உள்ளனவா என்பதை எவரும் பின்னர்ச் சோதிக்கலாம்.

4.3 செயல்நீக்கமும் பணிப்பதிவும்

செய்த மாற்றத்தை மீட்டெடுக்கும் படிகளின் எண்ணிக்கையை ஃபோட்டோஷாப்பில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்திலும், கிம்ப்பில் ‘சிஸ்டம் ரிசோர்சஸ்’ பக்கத்திலும் உயர்த்தலாம். எண்ணிக்கை மிகுந்தால் நினைவகத் தேவையும் மிகும். கோப்பை மூடியவுடன் இப்படிகள் யாவும் மறைந்துவிடும் என்பதை நினைவிற்கொள்ளவேண்டும். மறுநாள் கோப்பைத் திறப்பவர் முந்தைய நாள் மாற்றத்தை மீட்க இயலாது.

ஃபோட்டோஷாப்பில் உள்ள ‘ஹிஸ்டரி லாக்’ என்னும் அமைவு இக்குறையை ஓரளவு ஈடுசெய்கின்றது. அதனை இயக்கி, ‘டீடெயில்டு’ என்னும் நிலையைத் தேர்ந்தால், படத்தின்மேல் செய்யப்பட்ட ஒவ்வொரு செயலும் மீதரவிலோ தனி உரைக்கோப்பிலோ எழுதப்படும். கிம்ப்பைப் பயன்படுத்துவோர் இதே பதிவை ஓர் உரைக்கோப்பில் கையால் எழுதிவரலாம். கல்லெழுத்தின் படத்தை வெளியிடுபவர் ஒளிமாறுபாட்டை எவ்வளவு கூட்டினார் என்பது தெரிந்தால்தான், அவர் படித்த வாசகத்தைப் பிறர் மதிப்பிட இயலும்.

4.4 தற்காலிக இடம்

நினைவகம் போதாதபோது மென்பொருள் வன்தட்டின் ஒரு பகுதியைத் தற்காலிக இடமாகக் கொள்ளும். 46 மெகாபைட் படம் நான்கு முழு அடுக்குகளைப் பெற்றால் 184 மெகாபைட் ஆகிவிடும். செயல்நீக்கப் படிகள் அதற்கு மேற்பட்டவை. ஃபோட்டோஷாப்பில் ‘ஸ்கிராட்ச் டிஸ்க்ஸ்’ பக்கத்திலும், கிம்ப்பில் ‘ஃபோல்டர்ஸ்’ பக்கத்திலும் இவ்விடத்தைக் குறிக்கலாம். விரைவும் வெற்றிடமும் மிகுந்த உள்வட்டே இதற்கு ஏற்றது. மூலக்கோப்புகள் உள்ள புறவட்டையோ பென்டிரைவையோ தற்காலிக இடமாகக் குறிப்பது முறையன்று. பணி நடுவே அது கழற்றப்பட்டால் மென்பொருள் நின்றுவிடுவதோடு வட்டிலுள்ள கோப்புகளும் கெடக்கூடும்.

4.5 தமிழ் எழுத்தமைவு

படத்தின்மேல் தமிழில் விளக்கம் எழுதும்போது, ஃபோட்டோஷாப்பின் சில பதிப்புகளில் கொம்பும் துணையெழுத்தும் இடம்மாறித் தோன்றும். ‘டைப்’ பக்கத்தில் எழுத்துப் பொறியை ‘மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்’ என மாற்றி, பத்தி அமைவில் ‘வேர்ல்டு-ரெடி லேஅவுட்’ என்பதைத் தேர்ந்தால் இது சீராகும். எழுத்துருவும் ஒருங்குறி எழுத்துருவாக இருத்தல் வேண்டும். விளக்க எழுத்தை எப்போதும் தனி அடுக்கில் எழுதவேண்டுமேயன்றி ஆவணப் படத்தின் அடுக்கில் எழுதலாகாது.

5. புள்ளி மறையாமை காத்தல்

மேற்கூறிய அமைவுகளின் தேவை, தமிழ் எழுத்தின் புள்ளியை நோக்கும்போது முற்றிலும் விளங்கும். ஓலைச்சுவடிகளிலும் தொடக்ககால அச்சிலும் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாத வழக்கம் பரவலாக இருந்தது. பிற்கால எழுத்தில் புள்ளி வழக்கூன்றியது. ஓர் ஆவணத்தில் புள்ளி உள்ளதா இல்லையா என்பது வாசிப்பிற்கு மட்டுமன்றி அதன் காலத்தை உய்த்துணர்வதற்கும் துணைபுரியும் சான்றாகும்.

படத்திருத்த மென்பொருளுக்கோ மெய்யெழுத்தின் புள்ளிக்கும் தாளின் கறைப்புள்ளிக்கும் வேறுபாடு தெரியாது. ஃபோட்டோஷாப்பில் ‘டஸ்ட் அண்ட் ஸ்கிராட்சஸ்’, கிம்ப்பில் ‘டெஸ்பெக்கில்’ ஆகிய வடிப்பான்கள் சூழலிலிருந்து வேறுபட்ட சிறுபுள்ளிகளை நீக்குவதற்கென்றே அமைந்தவை. இவற்றை முழுப்பக்கத்தின்மேல் செலுத்தினால் பூஞ்சைக் கறையுடன் மெய்ப்புள்ளியும் நீங்கிவிடும். மறுதலையாக, ஒளிமாறுபாட்டை மிகுதியாகக் கூட்டினால் உப்பரித்த கல்லின் குழி புள்ளியாகத் தோன்றும். முதலாவதில் இருந்தது இல்லாததாகின்றது. இரண்டாவதில் இல்லாதது இருப்பதாகின்றது. இரண்டுமே பாடத்தைக் கெடுப்பன.

தானியங்கு நிறத்திருத்தத்திலும் இத்தகைய இடர் உண்டு. ‘ஆட்டோ டோன்’ போன்ற ஆணை மஞ்சளித்த தாளை வெண்மையாக்கும்போது நீர்க்கறையின் விளிம்பும் மங்குகின்றது. வெள்ளத்தில் நனைந்த பதிவேட்டில் நீர் எவ்வளவு உயரம் ஏறியது, எப்பக்கங்கள் ஒன்றாக ஒட்டியிருந்தன என்பவற்றை உணர்த்துவது அவ்விளிம்பே. அழகுக்காகச் செய்யப்படும் திருத்தம் ஆவணத்தின் வரலாற்றை அழிக்கக்கூடும்.

ஆகவே திருத்தம் வேண்டுமாயின் பணிக்கோப்பில், மூலப்படத்தின் அடுக்கைத் தொடாமல், அதன் மேலடுக்கில் செய்யவேண்டும். ஃபோட்டோஷாப்பில் சரிசெய்யும் அடுக்கு என்னும் ஏற்பாடு இதற்கெனவே உள்ளது. எளிய வழியாக, அடுக்கைப் படியெடுத்து அப்படியின்மேல் பணியாற்றலாம். மேலடுக்கை மறைத்தும் காட்டியும் ஒப்பிட்டால், நீங்கியது கறையா எழுத்தா என்பது உடனே தெரியும்.

6. மீதரவும் காப்புப் படிகளும்

கோப்புப் பெயர் ஆவணத்தை இனங்காட்டும். அதனை விளக்குவது மீதரவு. படமெடுத்த நேரம், கருவி ஆகியன எக்ஸிஃப் பகுதியில் தாமே பதிவாகின்றன. கருவியின் கடிகாரம் தவறாக இருந்தால் இப்பதிவும் தவறாகும். ஆவணத்தின் தலைப்பு, இருப்பிடம், உரிமையாளர் இசைவு, படமெடுத்தவர் ஆகியவற்றை எக்ஸ்எம்பி பகுதியில் தமிழிலேயே எழுதலாம். ஃபோட்டோஷாப்பில் ‘ஃபைல் இன்ஃபோ’ என்னும் சாளரம் இதற்குரியது. சமூக ஊடகங்கள் வழியே அனுப்பப்படும் படங்களில் மீதரவு பெரும்பாலும் நீக்கப்படுவதால், ஆய்வுப்படங்களை அவ்வழியில் பெறுவதும் தருவதும் தகா. மீதரவின் சுருக்கத்தை ஓர் அட்டவணையிலும் வைத்திருந்தால் கோப்பைத் திறவாமலே தேட இயலும்.

படிகள் குறைந்தது மூன்று இருத்தல் வேண்டும். அவை இருவேறு வகைச் சேமிப்பில் அமையவேண்டும். அவற்றுள் ஒன்று வேற்றூரில் இருத்தல் வேண்டும். 2023ஆம் ஆண்டு மழை தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களை ஒருங்கே தாக்கியதை நோக்கினால், காயல்பட்டினத்துக் கோப்பின் காப்புப்படி ஆத்தூரிலோ திருச்செந்தூரிலோ இருப்பது போதாது என்பது புலனாகும். படிகள் மாறாதிருக்கின்றனவா என்பதை ஷா-256 போன்ற சரிபார்ப்புத் தொகையால் அறியலாம். கோப்பில் ஒரே ஒரு படப்புள்ளி மாறினும் அத்தொகை முற்றிலும் மாறிவிடும். மூலக்கோப்பு உருவான நாளிலேயே அத்தொகையைக் கணக்கிட்டு அட்டவணையில் எழுதிவைக்கவேண்டும்.

முடிவுரை

மேற்கண்ட விளக்கங்களிலிருந்து சில முடிவுகள் பெறப்படுகின்றன. மூலம், பணி, பயன் என்னும் மூவகைப் பிரிவு ஆவணப் படப்பணியின் அடித்தளமாகும். கோப்புறைகள் மாறாப் பண்புகளின் அடிப்படையிலும், ஆய்வால் மாறும் செய்திகள் மீதரவிலும் அமையவேண்டும். தமிழ்க் கோப்புப் பெயர்களில் ஒருங்குறியின் இருவகைச் சேமிப்பால் எழும் மயக்கத்தை, ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளைத் தவிர்த்த குறுங்குறிகளால் நீக்கலாம். சேமிப்பு, நிறம், பணிப்பதிவு, தற்காலிக இடம், தமிழ் எழுத்தமைவு ஆகிய ஐந்து விருப்பமைவுகளைத் தொடக்கத்திலேயே சீர்செய்தால், பின்னர் நேரும் இழப்புகளில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். தானியங்கு வடிப்பான்களை மூலப்படத்தின்மேல் செலுத்துவது பாடத்தையே மாற்றிவிடும்.

இவ்வமைவுகள் அனைத்தையும் ஒரு கணினியில் செய்து முடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகாது. முத்துக்குளித்துறை ஊர்களில் ஆவணங்களைப் படமெடுக்கத் தொடங்கும் மாணவர் குழு, முதற்படத்தை எடுப்பதற்கு முன்பே ஊர்க்குறிகளின் பட்டியலையும் விருப்பமைவுகளின் பட்டியலையும் ஒரே தாளில் எழுதி, ஒவ்வொரு கணினியின் அருகிலும் வைத்துக்கொள்ளுதல் வேண்டும்.